சகலையின் தேனீக்கள்

தர்பூசணியைத் தட்டிப் பார்த்தே அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார். அதனால் அவருக்குத் தட்டுக்காரர் என்று பெயர். நகரத்தின் மொத்தப் பழக்கிடங்கில் பாதி வாழ்க்கையைத் தட்டியே கழித்தவர். லாரியிலிருந்து பழம் இறங்கும். ஒரு கையால் உருட்டி, மறு கையின் நடுவிரலை மடக்கி இரண்டு தட்டு. "பழுத்தது." "இன்னும் ஆகல." "உள்ள வெடிப்பு." அவ்வளவுதான் பேச்சு. அவர் வெடிப்பு என்று சொன்ன பழத்தை அறுத்தால் வெடிப்பு இருக்கும். வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து மனைவி, "என்னங்க, கதவு பழுத்துடுச்சா?" என்று கேட்பாள்.

அந்தப் பெயரில் அவருக்கு ஒரு போதை இருந்தது. நாலு பேர் நிற்கிற இடத்தில் பழம் என்று பேச்சு வந்தால் எல்லாரும் தன் வாயைத்தான் பார்க்க வேண்டும். ஒருமுறை மாமனார் வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர் தானே தேர்ந்தெடுத்து ஒரு தர்பூசணி வாங்கி வந்துவிட்டார். வெட்டினால் செக்கச்செவேலென்று இருந்தது. எல்லாரும் ஆகா ஓகோ என்றார்கள். தட்டுக்காரர் ஒரு துண்டுகூடத் தொடவில்லை. வயிறு சரியில்லை என்றார். வயிறு நன்றாகத்தான் இருந்தது. அதற்கு மேலே, நெஞ்சுக்குக் கீழே, ஏதோ ஒன்றுதான் எரிந்துகொண்டிருந்தது.

மாமனாருக்கு ஊருக்கு வெளியே கிணற்றோடு நிலம் இருந்தது. முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் நிலத்தை நடுவில் வரப்புப் போட்டு இரண்டு மகள்களுக்கும் பிரித்துக் கொடுத்தார். பெரிய மகளின் பங்கு கைக்கு வந்ததும் தட்டுக்காரர் கிடங்கு வேலையை விட்டுவிட்டார். "இத்தனை நாள் ஊரான் பழத்தைத் தட்டினேன். இனி என் பழத்தைத் தட்டறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

முதல் சில பருவங்கள் அமோகமாகப் போயின. பந்து மாதிரிப் பழங்கள். கிடங்கில் அவருடைய லாரி நுழைந்தால் வாங்குகிறவர்கள் எழுந்து வருவார்கள். சின்ன மகளின் பங்கு அப்போது புல் முளைத்துக் கிடந்தது. அவள் கணவர் பேருந்து நடத்துநர். மண்ணுக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. பிறகு அவர் ஓடிய தடத்தை நிறுத்திவிட்டார்கள். வேறு தடத்தில் போடுவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், போடவில்லை. அவர் பையைத் தூக்கிக்கொண்டு நிலத்துக்கு வந்துவிட்டார்.

கண்டக்டர் வந்த அன்றே தட்டுக்காரருக்குப் பிடிக்காமல் போய்விட்டது. பிடிக்காமல் போவதற்குக் காரணம் ஒன்றும் இல்லை என்பதுதான் பெரிய எரிச்சல். மனிதர் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். முழங்கால் வலியால் முனகிக்கொண்டிருந்த மாமனார் அவர் வாயைத் திறந்தாலே குலுங்கக் குலுங்கச் சிரிப்பார். இத்தனை வருடத்தில் மூத்த மாப்பிள்ளை ஒருநாளும் அவரை அப்படிச் சிரிக்க வைத்ததில்லை.

கண்டக்டர் விதை போட்ட வரிசைகளை வரப்பில் நின்று பார்த்தார் தட்டுக்காரர். "என்னப்பா இது, வரிசை பாம்பு மாதிரி போகுது?"

"நேரா போனா தூக்கம் வந்துடும் சகலை. வளைவு இருந்தாத்தான் பிரயாணம்."

"ஓரமெல்லாம் களை மண்டிக் கிடக்கு. செதுக்கி எடுக்கலையா?"

"அதுவும் ஓரமா ஒரு சீட்டுல உக்காந்துட்டுப் போகட்டுமே. நமக்கென்ன?"

களையாம், சீட்டாம். தட்டுக்காரர் தன் பக்கத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். கொடியையும் மண்ணையும் தவிர ஒரு புல் பூண்டு இல்லை. வரப்பு, வாய்க்கால், வேலியோரம் எல்லாம் மொட்டையடித்தது மாதிரி சுத்தம். பூச்சி மருந்தை வெயில் ஏறுவதற்குள் தானே தெளித்துவிடுவார். கண்டக்டரோ தட்டுக்காரர் பாதி வேலையை முடித்த பிறகுதான் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவார். பாவம், ஒரு பருவம் தாங்கமாட்டான் என்று நினைத்துக்கொண்டார். நினைக்கும்போது நாக்கில் தித்தித்தது.

ஒரு விஷயத்தை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. கொஞ்ச காலமாகவே அவருடைய பழம் கோணிக்கொண்டு வந்தது. காம்புப் பக்கம் கழுத்து நீண்டு சுரைக்காய் மாதிரி ஒன்று. ஒரு கன்னம் மட்டும் வீங்கி, பல்வலிக்காரன் முகம் மாதிரி இன்னொன்று. தட்டினால் பாதிப் பழத்துக்கு மேல் உள்ளே காலி என்று காது சொன்னது. நிலத்துக்குக் கிழக்கே முன்பு ஒரு பெரிய புதர்க்காடு இருந்தது. அதை அழித்துச் சிமெண்டுத் தளம் போட்டுக் கிடங்கு கட்டினார்கள். அதற்கு அடுத்த பருவத்திலிருந்துதான் இந்தக் கோணல். ஆனால் அவர் அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. விதைக் கடைக்காரரைத் திட்டினார். வெயிலைத் திட்டினார். தண்ணீர் பாய்ச்சத் தெரியவில்லை என்று மனைவியைத் திட்டினார். அவள், "ஆமா, நான்தான் ஒவ்வொரு பழமா போய் ஒரு பக்கமா கிள்ளிட்டு வர்றேன்" என்றாள்.

அறுவடை வந்தது. சகலைகள் இருவரின் பழமும் ஒரே லாரியில் போயிற்று, நடுவில் ஒரு சாக்குத் தடுப்போடு. கிடங்கில் தரம் பிரிக்கிறவர் தட்டுக்காரரிடமே வேலை பழகியவர். அவர் குவியலைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், வார்த்தையைத் தேடினார். கடைசியில் தட்டுக்காரரின் பழத்தில் பெரும்பகுதியை இரண்டாம் தரத்துக்கு ஒதுக்கினார். கண்டக்டரின் பழங்களில் நூலைக் கட்டி அளந்தாலும் குறை சொல்ல முடியாது. நாலு பக்கமும் ஒரே உருண்டை. ஒன்றை அறுத்தார்கள். நடுவில் வெடிப்பில்லை, விதை எல்லாம் கன்னங்கரேலென்று முற்றியிருந்தது, தித்திப்பு தோல் வரைக்கும் இருந்தது.

"அண்ணே, நீங்க ஒரு தட்டு தட்டிச் சொல்லுங்க" என்றார் தரம் பிரிக்கிறவர், மரியாதைக்கு.

தட்டுக்காரர் விரலை மடக்கினார். தட்டினார். அந்தச் சத்தத்தை அவர் பல பருவமாகத் தன் வயலில் கேட்கவில்லை. சுத்தமான, நிறைந்த சத்தம். பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மெய் சொல்லவும் வரவில்லை. "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

"எல்லாம் பெரிய சகலை பக்கத்துல இருக்கற ராசிதான்" என்று கண்டக்டர் பின்னால் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. கிண்டல் செய்கிறானா என்று குரலைக் கூர்ந்து கேட்டார். கிண்டல் இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

அந்த வாரமே வீட்டில் இன்னொன்று நடந்தது. குப்பைக் கூடையை வெளியே வைக்கப் போனவர் மேலாகக் கிடந்த தர்பூசணித் தோலைப் பார்த்து நின்றுவிட்டார். கையில் எடுத்தார். தோலின் வளைவு ஒரே சீராக இருந்தது. தன் பழத்தில் அப்படி ஒரு வளைவு வராது.

"இது யார் வீட்டுப் பழம்?"

மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே, "நம்ம வீட்டுக் கூடையில இருந்தா நம்ம வீட்டுப் பழம்தான்" என்றாள்.

"மழுப்பாத. இது அவன் பழம்."

"தங்கச்சி குடுத்தா. வேண்டாம்னு சொல்ல முடியுமா?"

"எப்படி இருந்துச்சு?"

"சுமார்."

"சுமார்னா பச்சைத் தோல் வரைக்கும் ஏன் சுரண்டியிருக்க?"

அவள் முதுகு குலுங்கியது. சிரிக்கிறாள். அவர் தோலைக் கூடையில் வீசிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தார். ஊர் அவன் பக்கம், மாமனார் அவன் பக்கம், இப்போது சொந்த வீட்டுக் குப்பைக்கூடையும் அவன் பக்கம்.

அடுத்த பருவத்தில் கொடி ஓடிப் பூக்கத் தொடங்கிய காலையில், அவன் என்னதான் போடுகிறான் என்று கண்டுபிடித்துவிடும் வைராக்கியத்தோடு வரப்பின் மறுபக்கம் இறங்கினார். உரச் சாக்கு ஏதும் கண்ணில் படவில்லை. கோடியில், களை மண்டிய ஓரத்தில், வெள்ளையடித்த மரப்பெட்டிகள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் முகத்தில் வலைத் தொப்பி போட்ட ஒரு பெண் குனிந்து நின்றார். தேனீ வளர்க்கிறவர். பெட்டிகளை வண்டியில் ஏற்றிப் பூ இருக்கிற இடமாகப் பார்த்து வைத்து எடுப்பது அவர் தொழில். இடம் தேடி வந்தபோது கண்டக்டர், "உள்ள வாங்க, உள்ள வாங்க, இடமிருக்கு" என்று சொல்லிவிட்டாராம். போன பருவத்திலிருந்தே பெட்டிகள் அங்கேதான் இருக்கின்றன.

"இதுக்கும் பழத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்டார் தட்டுக்காரர், ஒன்றும் தெரியாதவர் மாதிரி. பூச்சி வந்தால்தான் பிஞ்சு பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். பூச்சிதான் எங்கும் இருக்கிறதே என்று நினைத்திருந்தார்.

அந்த அம்மா ஒரு பெண் பூவைக் காட்டினார். பூவுக்குப் பின்னால் கோலிக்குண்டு அளவுக்குப் பிஞ்சு. "உள்ள பாருங்கண்ணே, நடுவுல மூணு மடல் இருக்கு. மூணுலயும் நிறைய மகரந்தத் தூள் விழணும். அப்பதான் விதை எல்லாப் பக்கமும் பிடிக்கும். விதை பிடிச்ச பக்கம்தான் சதை ஊதும். ஒரு மடல்ல மட்டும் விழுந்தா அந்தப் பக்கம் மட்டும் வீங்கிக் கோணிடும். ஒரு தேனீ ஒருதரம் வந்துட்டுப் போனா பத்தாது. பல தரம் வரணும். பூ மத்தியானத்துக்குள்ள மூடிக்கும், அவ்வளவுதான் நேரம்."

"என் பக்கமும் பூ இருக்கே. உன் தேனீ அங்க வராதா?"

"வரும். ஆனா நீங்க காலையில மருந்தடிக்கறீங்களே. பூ திறந்திருக்கற நேரத்துல அடிச்சா வர்றது செத்துடும். தப்பிச்சது அந்தப் பக்கம் திரும்பாது. உங்க பக்கம் களைப் பூகூட இல்ல. முன்னாடி அந்தப் புதர்க்காடு இருந்துச்சு, அதுல இருந்த பூச்சி உங்களுக்கு வேலை பாத்துட்டு இருந்துச்சு. இப்ப அதுவும் போச்சு." பிறகு நல்ல மனதோடு சொன்னார்: "வேணும்னா உங்க ஓரத்துலயும் கொஞ்சம் பெட்டி வைக்கட்டுமா? சாயங்காலமா மருந்தடிச்சுக்கங்க."

வேறு யாராவது இருந்தால் சரி என்று சொல்லியிருப்பார்கள். தட்டுக்காரரின் வாய்க்குள் சரி என்ற சொல் வந்தும்விட்டது. அப்போது பார்த்து கண்டக்டர் கொட்டாவி விட்டபடி வந்து சேர்ந்தார். "வையுங்க சகலை, வையுங்க! நான் ஒண்ணும் தெரியாம வெச்சேன், லாட்டரி மாதிரி அடிச்சுது!"

ஒன்றும் தெரியாமல் வைத்தானாம். ராத்திரி பகலாக உழைத்தவனுக்கு இல்லாமல், தூங்கி எழுந்து வந்தவனுக்குத் தானாகப் பறந்து வந்து விழுகிறது! "எனக்கு யார் பூச்சியும் வேண்டாம்" என்றார் தட்டுக்காரர். "எனக்குக் கை இருக்கு."

மறுநாளே தன் வரிசைகள் மேல் கம்பியை வளைத்து நட்டு, வெள்ளை வலையைப் போர்த்திவிட்டார். சகலையின் தேனீ ஒன்றுகூடத் தன் பூவைத் தொடக் கூடாது. நாளைக்குப் பழம் நன்றாக வந்தால் அதில் அவனுக்குப் பங்கு இருந்துவிடக் கூடாது. விடிந்ததும் அவரும் மனைவியும் வலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே புகுவார்கள். ஆண் பூவைக் கிள்ளி, இதழை மடக்கி, பெண் பூவின் நடுவில் தேய்க்க வேண்டும். ஒன்று முடிந்தால் அடுத்தது. முதுகு ஒடிந்தது. வலைக்கு வெளியே தேனீக்கள் முட்டி முட்டித் திரும்பின. அவை திரும்புவதைப் பார்க்கையில் மட்டும் முதுகு வலி தெரியவில்லை.

"அதுங்க சும்மா செய்யற வேலையை நாம முட்டி தேய செய்யறோம்" என்றாள் மனைவி. "உங்க தங்கமான குணத்துக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?"

"அவன் பழத்தைத் தின்னியே, அந்தப் பாவம்."

பிஞ்சு பிடித்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. வரப்பில் கண்டக்டரைப் பார்த்தால் வேண்டுமென்றே பாட்டை முணுமுணுத்தார். ஆனால் பிஞ்சு பருக்கப் பருக்க முணுமுணுப்பு நின்றுவிட்டது. அவர் தேய்த்த வரிசைகளில் பழம் மறுபடியும் கோணியது. அவருக்கு அவசரக் கை. ஒரு மடலில் அப்பிவிட்டு அடுத்த பூவுக்குத் தாவியிருக்கிறார். மனைவி தேய்த்த வரிசைகளில் கோணல் குறைவு. அவள் பூவுக்குப் பூ நின்று, சுற்றி வரத் தடவியிருக்கிறாள். அதைப் பார்த்ததும் ஒரு கணம் அவள் மேலேயே பொறாமை வந்தது. கட்டின பெண்டாட்டி மேல், தன் வீட்டுப் பழத்துக்காக! தனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் வந்தது வந்ததுதான்.

அதைவிட மோசம் கடைசி வரிசையில் காத்திருந்தது. அங்கே காற்று வலையை ஒரு கை அகலத்துக்குக் கிழித்திருந்தது; அவர் கவனிக்கவில்லை. அந்தக் கிழிசலை ஒட்டி நாலைந்து பழங்கள், அச்சில் வார்த்த மாதிரி. அவர் மண்டியிட்டு ஒன்றைத் தட்டினார். அதே சத்தம். சகலையின் தேனீ கிழிசல் வழியாகப் புகுந்து, யாரும் கேட்காமல் செய்துவிட்டுப் போன வேலை. அவர் அந்தப் பழத்தின் மேல் கையை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்தபோது அந்தச் சில பழங்களையும் கொடியிலிருந்து அறுத்து, கோணல் பழங்களுக்கு அடியில் போட்டு மூடினார். அவர் மனைவி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு அடுத்த பருவத்தில்தான் அந்தக் காரியம் நடந்தது. கண்டக்டரின் வயல் பூவாகக் கொட்டிக் கிடந்தது. ஒரு மாலை அவர் சுருண்ட இலை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு தட்டுக்காரர் வீட்டு வாசலுக்கு வந்தார். இலையின் அடியில் அசுவினிப் பூச்சி அப்பியிருந்தது.

"சகலை, இதுக்கு மருந்து வாங்கி வெச்சிருக்கேன். எப்ப அடிக்கட்டும்? தேனீக்கார அம்மா வேற ஊர்ல இருக்காங்க, நாளைக்கு வருவாங்களாம். எனக்கு இதுல ஆனா ஆவன்னா தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

தட்டுக்காரர் இலையைப் பார்த்தார். வெள்ளைப் பெட்டிகள் கண் முன்னால் வந்தன. ஒரே ஒரு சொல்தான். யாரும் தன்னைக் குற்றம் சொல்ல முடியாது. தானே இத்தனை வருடமாகச் செய்வதுதானே.

"காலையில அடி," என்றார். "பனி காஞ்சதும். அப்பதான் பிடிக்கும்."

"பெரியவர் பெரியவர்தான்" என்று சொல்லிவிட்டு கண்டக்டர் விசிலடித்துக்கொண்டு போனார்.

உள்ளே வந்து சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தார். இனி அவன் பழமும் கோணும். லாரியில் சாக்குத் தடுப்பு வேண்டியிராது. மாமனார் சிரிப்பு கொஞ்சம் குறையும். இதையெல்லாம் நினைத்தால் தித்திக்க வேண்டும். தித்திக்கவில்லை. வாசலில் நின்று, "நீங்கதான் சொல்லணும்" என்ற குரல்தான் திரும்பத் திரும்பக் கேட்டது. கிடங்கில் அத்தனை வருடமும் ஒரு பழத்தைப் பற்றிக்கூட அவர் பொய் சொன்னதில்லை. வேண்டாதவன் பழமானாலும் பழுத்திருந்தால் பழுத்தது என்றுதான் சொல்லியிருக்கிறார்.

காலையில் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். வரப்பேறும்போதே மருந்து வாடை வந்துவிட்டது. கண்டக்டர் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு முதல் வரிசையின் பாதியில் இருந்தார். தட்டுக்காரர் கொடியை மிதித்துக்கொண்டு பாய்ந்து, அவர் கையிலிருந்த குழலைப் பிடித்து இழுத்தார். இருவரும் தடுமாறினார்கள். தெளிப்பான் சேற்றில் விழுந்தது.

"நிறுத்து! அடிக்காத!"

"என்ன சகலை இது? விடுங்க!"

"அடிக்காதன்னு சொல்றேன் இல்ல!"

சிரிப்பைத் தவிர வேறு எதுவும் தெரியாத அந்த முகம் முதல் தடவையாகக் கறுத்தது. "என் பயிர் நல்லா இருந்தா உங்களுக்கு ஏன் ஆகல? நானும் எத்தனை நாளா பாக்கறேன். வலையைப் போட்டு மூடினீங்க. நல்ல பழத்தைக் கோணப் பழத்துக்கு அடியில புதைச்சீங்க. எல்லாம் தெரியும். இப்ப மருந்தடிக்கறதையும் பொறுக்க முடியலையா?"

வாழ்நாளிலேயே பொறாமையை மீறித் தட்டுக்காரர் செய்த ஒரே காரியம் அது. அதற்குத்தான் பொறாமைக்காரன் என்ற பட்டம் கிடைக்கிறது. விளக்கம் சொல்லலாம். சொன்னால், நேற்று ஏன் அப்படிச் சொன்னாய் என்ற கேள்வி வரும்.

அதற்குள் தேனீக்கார அம்மாவின் வண்டி வந்து நின்றது. அவர் வாடையைப் பிடித்ததும் பெட்டிகளை நோக்கி ஓடினார். பெட்டி வாசல்களில் சில தேனீக்கள் கால் உதறிக்கொண்டு சுழன்று விழுந்தன. அவர் அங்கேயே குந்தி உட்கார்ந்து பார்த்தார். பிறகு சேற்றில் கிடந்த தெளிப்பானைப் பார்த்தார். "யாரு நிறுத்தினது? இன்னும் நாலு வரிசை அடிச்சிருந்தா இன்னைக்கு நான் பெட்டியைக் கழுவி வெயில்ல காய வெச்சுட்டுப் போயிருப்பேன். உங்க பூவுக்கும் ஆள் இருந்திருக்காது."

கண்டக்டர் மெல்லத் திரும்பினார். "அப்ப காலையில அடிக்கக் கூடாதா?" அவர் பார்வை தட்டுக்காரர் முகத்தில் வந்து நின்றது. வெறும் காலில் அப்பியிருந்த சேற்றுக்கு இறங்கியது. மறுபடி முகத்துக்கு ஏறியது. "நேத்து நீங்கதானே..."

"ஆமா," என்றார் தட்டுக்காரர். "நான்தான்."

கண்டக்டர் குனிந்து தெளிப்பானை எடுத்து, சேற்றை வழித்தார். வழித்துக்கொண்டே, "ஸ்டாப்பிங் தாண்டினப்புறம் விசில் குடுத்தீங்க சகலை," என்றார். "பரவாயில்ல. வண்டி நின்னுடுச்சு."

அதற்குப் பதில் ஒரு வசவு கிடைத்திருந்தால் தட்டுக்காரர் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். மன்னிக்கவும் தெரிந்திருக்கிறதே இவனுக்கு, அதையாவது எனக்கு விட்டு வைக்கக் கூடாதா என்று பொருமிக்கொண்டே நடந்தார். மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். அவள் எதுவும் கேட்காமல் அவர் காலில் குத்தியிருந்த முள்ளை எடுத்துவிட்டாள்.

பிறகு அவரே தேனீக்கார அம்மாவைத் தேடிப் போனார். "என் ஓரத்துலயும் பெட்டி வெக்கணும். அவன்கிட்ட இருக்கறதைவிட ஒண்ணு கூடுதலா."

"வெக்கறேன் அண்ணே. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். உங்க பெட்டித் தேனீ உங்க வரப்போட நிக்காது. அந்தப் பக்கமும் போகும். அவர் பழமும் இன்னும் நல்லா வரும்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து அந்த அம்மா சிரித்துவிட்டார். தட்டுக்காரர் ரொம்ப நேரம் யோசித்தார். தன் செலவில் சகலைக்குச் சேவகம்! "போகாம இருக்க வழியே இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றார் அவர். "சரி, வெய்யி" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

வலையைச் சுருட்டிப் பரணில் போட்டார். மருந்தை மாலைக்கு மாற்றினார். வேலியோரக் களையைச் செதுக்கக் கை துறுதுறுத்தாலும் விட்டுவைத்தார். பெட்டி வந்த பிறகு விடியற்காலையில் வரப்பில் நின்று, தன் தேனீ எத்தனை அந்தப் பக்கம் போகிறது, அவன் தேனீ எத்தனை இந்தப் பக்கம் வருகிறது என்று கணக்குப் பார்க்க முயன்றார். எது யாருடையது என்று அடையாளம் தெரியாமல் கண்தான் வலித்தது.

அந்தப் பருவம் இரண்டு வயலிலும் பழம் உருண்டு திரண்டு வந்தது. கிடங்கில் தரம் பிரிக்கிறவர் இரண்டு குவியலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே மாதிரி இருக்கு, ஒண்ணாவே கொட்டிடுங்க" என்றார். முதல் தரம் கிடைத்த சந்தோஷம் தட்டுக்காரருக்கு அந்த ஒரு சொல்லில் பாதியாகிவிட்டது. ஒரே மாதிரியா? ஒரு நூலளவாவது வித்தியாசம் இருக்காதா? யாரும் பார்க்காதபோது அவனுடையதில் ஒன்று, தன்னுடையதில் ஒன்று என்று தட்டிப் பார்த்தார். இழவு, ஒரே சத்தம்.

திரும்பும்போது காலி லாரியின் முன் இருக்கையில் சகலைகள் இருவரும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். வண்டி குலுங்கக் குலுங்கக் கண்டக்டர் கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தபோது பேசினார்.

"உண்மையச் சொல்லவா சகலை? கல்யாணமான நாள்லேர்ந்து எனக்கு உங்க மேல ஒரே பொறாமை."

தட்டுக்காரர் சட்டென்று நிமிர்ந்தார்.

"மாமா நான் பேசினா சிரிப்பாரு, அவ்வளவுதான். ஏதாவது ஒண்ணு முடிவெடுக்கணும்னா 'பெரிய மாப்பிள்ளையைக் கேளு'ன்னுடுவாரு. என் வீட்டுக்காரியும் அதையேதான் சொல்லுவா. அத்தான் சொல்லட்டும், அத்தான் பாக்கட்டும். எனக்கு வயிறு எரியும். என்னடா இது, நானும் ஒரு மாப்பிள்ளைதானேன்னு இருக்கும்."

தட்டுக்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முகத்தை என்ன செய்தாலும் கட்டுப்படுத்த முடியவில்லை; வாய் காது வரைக்கும் போய்விட்டது. நெஞ்சுக்குக் கீழே வருடக்கணக்காக எரிந்துகொண்டிருந்த இடத்தில் யாரோ குடம் தண்ணீரைக் கொட்டின மாதிரி இருந்தது.

"இன்ஜின் சத்தத்துல சரியா கேக்கல," என்றார். "என்ன சொன்ன? இன்னொரு தடவை சொல்லு."